காந்தும் முகம்: மாநிறத் தோலில் ரோசேசியா

என் சித்தி அடுப்படியில் நிற்கும்போது தோளில் எப்போதும் ஓர் ஈரத் துண்டு கிடக்கும். கடுகு வெடித்து, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, கடாயிலிருந்து ஆவி கிளம்பியதும் இரண்டடி பின்வாங்கித் துண்டைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார். "முகம் காந்துதுடா" என்பார். மொட்டைமாடியில் வடகம் காயவைத்துவிட்டு இறங்கி வந்தாலும் அதே காந்தல்தான். கன்ன மேட்டிலும் மூக்கின் இருபுறமும் சின்னச் சின்னப் பருக்கள். நாற்பது தாண்டியபின் பரு வருமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டோம். சூட்டு உடம்பு என்றார்கள். கத்திரிக்காயும் கருவாடும் நின்றுபோயின. தெருமுனை மருந்துக்கடையில் ஒரு சின்ன ட்யூப் கொடுத்தார்கள். பூசிய மூன்றாம் நாளே முகம் பளிச்சென்று ஆனது. அந்த ட்யூப்பை அவர் நான்கு ஆண்டுகள் பூசினார்.

ஐந்தாம் ஆண்டில்தான் நோயின் பெயர் தெரிந்தது. முகம் முழுக்கக் கொப்புளமாகி, கண்ணும் உறுத்தத் தொடங்கியபின் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் லென்ஸை எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "சூடா காபி குடிச்சா முகம் எரியுதாம்மா?" சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மருத்துவர் சீட்டில் எழுதிய பெயர் ரோசேசியா.

அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். படித்தவற்றிலிருந்து எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: ரோசேசியா வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட நோய். அதன் பெயரும், பாடநூல் படங்களும், நோயறியும் விதியும் சிவப்பை நம்பியே நிற்கின்றன. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. தெரியாததால் நமக்கு இந்த நோய் இல்லை என்றே பலர் நினைக்கிறார்கள். நோயாளி சொல்லும் காந்தலைக் காதுகொடுத்துக் கேட்டால் மட்டுமே இங்கே இது பிடிபடும்.

ரோசேசியா என்பது முகத்தின் நடுப்பகுதியைப் பிடிக்கும் நாள்பட்ட அழற்சி நோய். கன்னம், மூக்கு, நடுநெற்றி, முகவாய் ஆகியவைதான் அதன் இடம். பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல் தொடங்குகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. உயிருக்கு ஆபத்தில்லை. வரும், தணியும், மறுபடி வரும். உலக அளவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை ஒன்று, வயது வந்தோரில் ஏறத்தாழ 5.46 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. இருபது பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஐரோப்பியருக்கு இந்த நோய் பழைய அறிமுகம். பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் கீ டி ஷோலியாக் முகத்தில் படரும் சிவப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் டொமெனிக்கோ கிர்லாண்டாயோ என்ற இத்தாலிய ஓவியர் 1490 வாக்கில் தீட்டிய படம் ஒன்று உண்டு. ஒரு முதியவரும் அவருடைய பேரனும் அதில் இருக்கிறார்கள். தாத்தாவின் மூக்கு முண்டும் முடிச்சுமாகத் தடித்திருக்கிறது. அந்தக் குழந்தை அவர் மார்பில் கைவைத்து, அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ரோசேசியா முற்றி மூக்குத் தடிப்பதை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இன்றும் இந்த ஓவியத்தைக் காட்டுகிறார்கள். பேரனின் பார்வையில் அருவருப்பு துளியும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழும்.

உலகம் அந்தப் பேரனைப் போலப் பார்க்கவில்லை. சிவந்து தடித்த மூக்கைக் குடிகாரன் மூக்கு என்று நூற்றாண்டுக் கணக்கில் பழித்தார்கள். மது சிலருக்கு நோயைக் கிளறும் என்பது உண்மைதான். ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும் ரோசேசியா வருகிறது.

இனி நிறத்தின் விஷயத்துக்கு வருவோம். 2017இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி நோயறியும் விதியைத் திருத்தினார்கள். அதற்கு முன் 2002 முதல் ரோசேசியாவை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: சிவப்பு வகை, பரு வகை, தடிப்பு வகை, கண் வகை. ஒரே நோயாளியிடம் பல வகைகளும் கலந்து வருவதைப் பார்த்துப் பார்த்து, வகைப் பெயரை விட்டு அவரவரிடம் தெரியும் அடையாளங்களை வைத்தே முடிவுசெய்யச் சொன்னது புதிய விதி. முகத்தின் நடுவில் நிலைத்து நிற்கும் சிவப்போ, தோல் தடிப்போ இருந்தால் அது ஒன்றே போதும். இரண்டும் இல்லாவிட்டால் திடீர்ச் சிவப்பேற்றம், பருக்கள், மேலே தெரியும் நுண்ணிய ரத்தக்குழாய்கள், கண் கோளாறு இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

இந்த விதியை ஒரு மாநிற முகத்தில் பொருத்திப் பாருங்கள். நிலைத்த சிவப்பு மெலனின் நிறமிக்கு அடியில் மறைந்துவிடுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்களும் அப்படியே. எஞ்சுவது பருவும் கண்ணும்தான். பருவை முகப்பரு என்பார்கள். கண்ணைக் கண் மருத்துவரிடம் அனுப்புவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளிருக்காது. அமெரிக்காவில் 1993 முதல் 2010 வரை மருத்துவரிடம் போனவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ரோசேசியா என்று எழுதப்பட்டவர்களில் கறுப்பினத்தவர் 2.0 விழுக்காடு, ஆசியர் மற்றும் பசிபிக் தீவினர் 2.3 விழுக்காடு மட்டுமே இருந்தனர். நோய் குறைவு என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. மெலனின் வெயிலிலிருந்து ஓரளவு காப்பதால் உண்மையிலேயே கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் கண்டுபிடிக்காமல் விடுபட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்களே.

கண்டுபிடிக்க வழியில்லாமல் இல்லை. நல்ல வெளிச்சத்தில் கன்னத்தைப் பார்த்து, அதைக் கழுத்தின் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். நம் தோலில் சிவப்பு பெரும்பாலும் சிவப்பாக இருக்காது. செம்பழுப்பாகவோ, கருஞ்சிவப்பாகவோ, வெறும் கருமையாகவோ தெரியும். ஒரு கண்ணாடித் தகட்டைத் தோலில் அழுத்தினால் ரத்தம் ஒதுங்கி அந்த இடம் வெளுக்கும். எடுத்தால் நிறம் திரும்பும். நிறமியால் வந்த கருமை அப்படி வெளுக்காது. டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தால் ரத்தக்குழாய்கள் பல கோண வலைபோலப் பின்னிக் கிடப்பது தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் கேள்விகள் இருக்கின்றன. முகம் திடீரென்று சூடாகிறதா? எதைப் பூசினாலும் எரிகிறதா? கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறதா?

"காந்துது" என்ற நம் சொல் இங்கே மருத்துவச் சொல்லாகவே பயன்படும். அரிப்பு வேறு, வலி வேறு, காந்தல் வேறு. மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தொட்டுவிட்டால் என்ன செய்யுமோ அதுதான் காந்தல். ரோசேசியா உள்ளவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வந்தால் சில நிமிடங்களிலும் போகலாம், மணிக்கணக்கிலும் நிற்கலாம். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கே, என்ன எரியுது உனக்கு" என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. இந்த நோயில் மிகக் கொடியது இந்த நம்பாமைதான் என்பேன்.

பருக்களுக்கும் ஓர் அடையாளம் உண்டு. இளவயது முகப்பருவில் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் இருக்கும். அழுத்தினால் வெண்ணெய்த் துணுக்கு போல வெளிவருமே, அவை. ரோசேசியாப் பருக்களில் அவை இருப்பதில்லை. முதுகிலும் மார்பிலும் பெரும்பாலும் வராது. சுற்றியுள்ள தோல் உலர்ந்தும் சற்று வீங்கியும், தொட்டால் சொரசொரப்பாகவும் இருக்கும். கருந்தோல் உள்ளவர்களிடம் இன்னொரு வகையும் வருவதுண்டு: கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் கடினமான பழுப்புநிறச் சிறு முடிச்சுகள். சில தொற்றுநோய்களிலும் இதேபோன்ற முடிச்சுகள் வரும் என்பதால் அதற்குச் சிறிது தோலை வெட்டி எடுத்துப் பரிசோதிக்க நேரும்.

ஆள்மாறாட்டம் செய்யும் வேறு நோய்களும் உண்டு. மங்கு கன்னத்தில் கருமையாகப் படரும், ஆனால் காந்தாது. பொடுகு சார்ந்த அழற்சி மூக்கின் மடிப்பிலும் புருவத்திலும் செதில் செதிலாக உதிரும். லூபஸ் என்ற நோயிலும் கன்னத்தில் சிவப்பு வரும். அது மூக்கோர மடிப்பை விட்டுவிட்டுப் படரும், கூடவே மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண் எனப் பிற தொல்லைகளும் சேரலாம். லூபஸ் உள்ளுறுப்புகளைத் தாக்கக்கூடியது என்பதால் அந்தச் சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடற்சூட்டையும் ரோசேசியாவையும் பெண்களே குழப்பிக்கொள்கிறார்கள். அந்த உடற்சூடு மார்பு, கழுத்து எனப் பரவி வியர்வையோடு முடியும். இரண்டும் ஒருவருக்கே ஒரே காலத்தில் வரவும் செய்யும்.

கண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோசேசியா உள்ளவர்களில் பலருக்குக் கண்ணிலும் தொல்லை உண்டு. இமையோரம் தடித்துப் பிசுபிசுக்கும், கண் உலரும், சிவக்கும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, கண்கட்டி திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு முகத்தில் எதுவும் தெரிவதற்கு முன்பே கண்ணில் தொடங்கிவிடும். கருவிழிவரை அழற்சி போனால் பார்வையே பாதிக்கப்படலாம். அடிக்கடி கண்கட்டி வருகிறது, கூடவே கன்னமும் காந்துகிறது என்றால் அந்த இரண்டையும் ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. மரபு பாதி என்று சொல்லலாம்: 2015இல் வெளியான அமெரிக்க இரட்டையர் ஆய்வு ஒன்று, நோயின் தீவிரத்தில் ஏறக்குறைய பாதி மரபணுவால் விளக்கக்கூடியது என்று கண்டது. மீதிப் பாதியில் வெயிலும் வயதும் வாழ்முறையும் வருகின்றன.

உள்ளே நடப்பதில் ஒரு பகுதி நம் சமையலறையோடு நேராகத் தொடர்புள்ளது. மிளகாயின் காரம் நாக்குக்கு ஏன் சூடாகத் தெரிகிறது என்ற கேள்வியிலிருந்து புறப்பட்டவர் டேவிட் ஜூலியஸ். காரத்தையும் சூட்டையும் உணரும் நரம்பு வாயில் ஒன்றுதான் என்று 1997இல் கண்டுபிடித்தார். அதற்கு டிஆர்பிவி1 என்று பெயர். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் அது திறக்கும். மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் திறக்கும். இதற்காக 2021இல் ஆர்டம் படபூட்டியனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். ரோசேசியா உள்ளவர்களின் முகத்தோலில் இந்த வகை வாயில்கள் கூடுதலாகவும் எளிதில் திறப்பவையாகவும் இருக்கின்றன. திறந்ததும் நரம்பு நுனிகள் சில வேதிப்பொருள்களைக் கக்குகின்றன, ரத்தக்குழாய்கள் விரிகின்றன, முகம் காந்துகிறது. மிளகாய் பூசினாற்போல் இருக்கிறது என்று நோயாளி சொல்வது வெறும் உவமை இல்லை. மிளகாய் தொடும் அதே நரம்பு வாயில்தான் அங்கேயும் திறக்கிறது.

இன்னொரு பகுதி தோலின் காவல்படை. கிருமிகளைக் கொல்லத் தோல் கேதலிசிடின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. ரோசேசியாத் தோலில் அது அளவுக்கு மீறிச் சுரந்து, வழக்கத்துக்கு மாறான துண்டுகளாக வெட்டப்பட்டு, கிருமியில்லாத இடத்திலும் அழற்சியை மூட்டுகிறது என்று ரிச்சர்ட் காலோவின் குழு 2007இல் காட்டியது. மூன்றாவது பங்காளி டெமோடெக்ஸ் என்ற பூச்சி. மயிர்க்கால்களில் குடியிருக்கும் எட்டுக்கால் நுண்ணுயிர், நீளம் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். வயது வந்த நம் எல்லோர் முகத்திலும் இது உண்டு, அழுக்காக இருப்பதால் வருவதில்லை. ரோசேசியா உள்ளவர்களிடம் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பூச்சி பெருகியதால் நோயா, நோயால் பூச்சி பெருகியதா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. பூச்சியைக் குறைக்கும் மருந்து நோயைத் தணிக்கிறது என்பது மட்டும் தெளிவு.

கிளறும் காரணங்களுக்கு வந்தால், அமெரிக்காவின் தேசிய ரோசேசியா சங்கம் 1,066 நோயாளிகளிடம் எடுத்த கணக்கைத்தான் எல்லோரும் சுட்டுவார்கள். வெயில் என்றவர்கள் 81 விழுக்காடு. மன அழுத்தம் 79. வெப்பமான வானிலை 75. காற்று 57, கடும் உடற்பயிற்சி 56, மது 52, வெந்நீர்க் குளியல் 51, காரமான உணவு 45, புழுக்கம் 44, தோல் பராமரிப்புப் பொருள்கள் 41, சூடான பானம் 36. பட்டியலின் மேல்வரிசையைப் பார்த்தால் நம் ஊர்ச் சித்திரை மாதத்தின் வர்ணனை போலவே இருக்கிறது. நண்பகல் வெயிலில் இரு சக்கர வண்டியில் போய், அலுவலகத்தில் திட்டு வாங்கி, திரும்பிவந்து அடுப்பில் நிற்கும் ஒரு பெண் இவற்றில் பாதியை ஒரே நாளில் கடந்துவிடுகிறாள்.

ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே தூக்கி எல்லோருக்கும் பத்தியமாக விதிக்கக் கூடாது. காரம் 45 விழுக்காட்டினரைக் கிளறுகிறது என்றால் பாதிக்கு மேற்பட்டோரைக் கிளறவில்லை என்றுதான் பொருள். ஒருவருக்கு ஆகாதது மற்றவருக்கு ஒன்றும் செய்யாது. ஒரு நோட்டை எடுத்து இரண்டு மூன்று வாரம் எழுதிவந்தால் போதும்: என்று காந்தியது, அதற்கு முன் ஒருமணி நேரத்தில் என்ன சாப்பிட்டேன், எங்கே நின்றேன், என்ன பூசினேன், யாரோடு மனஸ்தாபம். சித்தி ஒரு பழைய பால் கணக்கு நோட்டில் எழுதினார். மூன்றாம் வாரம் படித்துப் பார்த்தபோது கத்திரிக்காயும் கருவாடும் எங்குமே இல்லை. அடுப்பு இருந்தது, மாடி வெயில் இருந்தது, கொதிக்கக் கொதிக்கக் குடித்த காபி இருந்தது.

அந்தக் காபியைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. 1981இல் ஜொனாதன் வில்கின் என்ற அமெரிக்க மருத்துவர் எளிமையான சோதனை ஒன்று செய்தார். 60 டிகிரி சூட்டில் காபி குடித்தவர்களுக்கு முகம் சிவந்தது. அதே 60 டிகிரியில் வெறும் வெந்நீர் குடித்தபோதும் சிவந்தது. 22 டிகிரிக்கு ஆறிய காபியில் சிவக்கவில்லை. குற்றவாளி சூடுதான், காபி இல்லை. பிறகு 2018இல், 82,737 அமெரிக்கச் செவிலியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், நாளைக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ கஃபீன் உள்ள காபி குடித்தவர்களுக்கு ரோசேசியா வருவது குறைவாகவே இருந்தது. அதற்காக யாரும் காபியைக் கூட்டவேண்டியதில்லை, விட்டுவிடவும் வேண்டியதில்லை. டவராவில் ஊற்றி இன்னும் இரண்டு தடவை ஆற்றிக் குடித்தால் போதும். சித்தி இன்று அப்படித்தான் குடிக்கிறார்.

அடுப்புக்கும் வழி இருக்கிறது. முகம் கடாய்க்கு நேர்மேலே வராமல் பக்கவாட்டில் நின்று கிளறலாம். வெளியேற்றும் விசிறியைத் தாளிப்பதற்கு முன்பே போட்டுவிடலாம். சூடு ஏறினால் குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்திருந்து விழுங்கலாம். சமையலை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது எல்லாவற்றிலும் பெரிய மருந்து. இதை எந்த மருந்துச் சீட்டிலும் பார்க்க முடியாது, நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முகத்துக்கு நல்லது என்று நினைத்து நாம் செய்கிற பலவும் இந்த நோய்க்குப் பகை. ஆவி பிடித்தல் அவற்றில் முதலாவது. எலுமிச்சைச்சாறு, பருவின் மேல் பற்பசை, சொரசொரப்பான ஸ்க்ரப், ப்ளீச், முகத்தை அழுத்தித் தேய்க்கும் ஃபேஷியல், ஆல்கஹால் கலந்த டோனர், ஆஃப்டர்ஷேவ் எல்லாமே ஏற்கெனவே உடைந்துகிடக்கும் தோலின் மேலடுக்கை இன்னும் உடைக்கின்றன. வெந்நீரும் வேண்டாம், ஐஸ்கட்டியும் வேண்டாம்; சாதாரணக் குழாய் நீரே போதும். ரத்தக்குழாயை விரிக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் நியாசினும் சிவப்பேற்றத்தைக் கூட்டலாம். அவற்றை நாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றிக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பார்.

இப்போது அந்த ட்யூப். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அதில் இருந்தது ஸ்டீராய்டு. ரத்தக்குழாயைச் சுருக்கும், அழற்சியை அடக்கும், நிறத்தை வெளுப்பாக்கும். அதனால் ரோசேசியா முகத்தில் முதல் சில நாட்கள் அற்புதம்போல் தெரியும். சில வாரங்களில் தோல் மெலிகிறது. ரத்தக்குழாய்கள் வரிவரியாக எழுகின்றன. மயிர்க்காலில் இருக்கும் டெமோடெக்ஸ் தட்டிக்கேட்க ஆளில்லாமல் பெருகுகிறது. பூசுவதை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் முன்பைவிட மோசமாகப் பற்றி எரியும். பயந்து மறுபடி பூசினால் அடங்கும். க்ரீம் இல்லாமல் முகம் இல்லை என்ற நிலைக்கு ஆளைக் கொண்டுபோய் விடும். ரோசேசியாவே இல்லாதவர்களுக்கும் இந்த வழியில் ரோசேசியா போன்ற முகம் உண்டாகிவிடுகிறது. ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று இதற்கு ஒரு தனிப் பெயரை 2008இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர்கள் கௌஷிக் லாஹிரியும் அரிஜித் கூண்டுவும் வைத்தார்கள். நோய்க்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அது நம் நாட்டில் மலிந்துவிட்டது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அளவும் தெரியும். 2011இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், பல ஊர்களின் தோல் சிகிச்சைப் பிரிவுகளுக்கு முகத்தொல்லையோடு வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 59.3 விழுக்காட்டினருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. கடைக்காரர், அழகு நிலையத்தார், தோழி, பக்கத்து வீட்டார் என யாரோ ஒருவர். 29 விழுக்காட்டினர் அதை நிறம் கூட்டும் க்ரீமாகவோ பொதுவான முகக்க்ரீமாகவோ சவரத்துக்குப் பின் பூசுவதாகவோ பயன்படுத்தினார்கள். பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு வந்திருந்தது.

இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்காகத் தனிக்குழு அமைத்துப் பல ஆண்டுகள் போராடியது. 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது; கவுண்டரில் கேட்டால் இன்றும் பல இடங்களில் கொடுத்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் சிவப்பாக வேண்டும் என்ற ஆசை இருக்கும்வரை அந்த ட்யூப் கைமாறிக்கொண்டே இருக்கும். மாநிறத்தில் சிவப்பு தெரியாததால் நோய் மறைகிறது. மாநிறம் பிடிக்காததால் நோய் வளர்கிறது. இரண்டும் ஒரே முகத்தில் நடக்கின்றன.

சிகிச்சையைப் பொறுத்தவரை நிலைமை நன்றாகவே இருக்கிறது. முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை. நன்றாக அடக்கிவைக்கும் மருந்துகள் பல உண்டு. பருக்களுக்கு ஐவர்மெக்டின் ஒரு விழுக்காட்டுக் க்ரீம், மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம். மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லலாம்: பரு ஆறியபின் நம் தோலில் நிற்கும் கருந்தழும்பையும் அது மங்கச் செய்யும், ஆகவே மாநிறத்துக்கு இரட்டைப் பயன். தொடக்கத்தில் சற்றுக் கடுகடுக்கும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் விட்டுவிடுகிறார்கள். கூடுதலாக இருந்தால் டாக்ஸிசைக்ளின், கிருமி கொல்லும் அளவைவிடக் குறைவாக, அழற்சியை மட்டும் தணிக்கும் அளவில் கொடுப்பார்கள். கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடக் கூடாது. அடங்காத சிலருக்குக் குறைந்த அளவு ஐசோட்ரெடினாய்ன். கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் அதில் மருத்துவர் மேற்பார்வை கட்டாயம். எதிலும் பலன் தெரிய ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். மூன்றாம் நாள் பளிச்சென்று ஆனால்தான் மருந்து என்று பழகிவிட்ட நமக்கு இந்தப் பொறுமை கடினம்.

நிலைத்த சிவப்புக்கு ப்ரிமோனிடின் ஜெல் உண்டு. சில மணி நேரம் ரத்தக்குழாயைச் சுருக்கி வைக்கும், சிலருக்கு இறங்கும்போது முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். லேசரும் உண்டு. நம் நிறத்தில் லேசரை மெலனினும் உறிஞ்சிக்கொள்வதால், அனுபவமில்லாத கையில் தீக்காயமும் கருந்திட்டும் மிஞ்சும். தடித்த மூக்கை லேசராலோ அறுவையாலோ செதுக்கிச் சீராக்கலாம். கிர்லாண்டாயோவின் தாத்தாவுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

நாள்தோறும் செய்ய வேண்டியது மூன்றே. வாசனையில்லாத மென்மையான முகக்கழுவி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சன்ஸ்க்ரீனில் எரிச்சல் குறைவு. அது சாம்பல் பூசினாற்போல் தெரிகிறது என்று நம்மவர்கள் ஒதுக்குகிறார்கள். இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள வகை மாநிறத்தோடு ஒத்துப்போகும். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் குடையும் பருத்தித் துப்பட்டாவும் கைவசம் இருக்கின்றன.

சித்தி அந்த ட்யூப்பிலிருந்து விடுபட ஏழு மாதம் ஆயிற்று. மருத்துவர் படிப்படியாக வலுக்குறைந்த மருந்துக்கு மாற்றி நிறுத்தினார். இரண்டாம் மாதம் முகம் பார்க்க முடியாதபடி இருந்தது. கல்யாணம் ஒன்றுக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். இப்போது அவ்வப்போது ஒரு பரு வருகிறது, போகிறது. ஈரத் துண்டு இன்னும் தோளில் கிடக்கிறது.

இதைப் படிப்பவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் முகத்துக்குப் பூசும் ட்யூப் ஏதாவது இருந்தால் எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெடசால், பீட்டாமெதசோன், மொமெடசோன், ஃப்ளூசினோலோன், பெக்லோமெதசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நெடுநாளாகப் பூசிவந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். ட்யூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், முகம் காந்துகிறது என்பதையும் அதே சொல்லில் சொல்லுங்கள்.